சர்க்கரை சேராத ஆப்பிள் கூழ்

இமயமலைச் சாரலில் ஆடி மாதம் ஆப்பிள் பறிப்புத் தொடங்குகிறது. தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் பழம் முன்னதாகக் கனியும். உயரம் ஏற ஏறப் பறிப்பு பின்தள்ளிச் சென்று, கின்னௌர் போன்ற உயர்ந்த பகுதிகளில் ஐப்பசி வரை நீடிக்கும். இம்மூன்று நான்கு மாதங்களில் மலைச் சாலைகளெங்கும் பழப்பெட்டிகள் ஏற்றிய லாரிகளைக் காணலாம். ஆனால் தோட்டத்தில் விளைந்தது அனைத்தும் பெட்டியில் ஏறுவதில்லை. ஆலங்கட்டி மழையால் வடுப்பட்டவை, காற்றில் உதிர்ந்தவை, அளவில் சிறுத்தவை, தோலில் கரும்புள்ளி விழுந்தவை ஆகியவை தரம் பிரிக்கும்போதே ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கப்பட்ட பழங்களுள் பலவற்றின் சதையில் யாதொரு குறையும் இராது. குறை தோற்றத்தில் மட்டுமே.

இவ்வொதுக்குப் பழத்தை வாங்கிப் பயன்படுத்துவதற்கு ஏற்பாடுகள் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் 1974-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தோட்டக்கலை விளைபொருள் விற்பனை, பதனீட்டுக் கழகம் இத்தகைய பழத்தைக் கொள்முதல் செய்து, பர்வானூவிலுள்ள ஆலையில் சாறு பிழிந்து செறிவாக்குகிறது. எனினும் சாலையிலிருந்து தொலைவிலுள்ள வீட்டில் இரண்டு கூடை பழம் மிஞ்சினால், அதனைச் சுமந்து சென்று விற்பதால் ஆகும் ஊதியம் கூலிக்கும் காணாது. அது பெரும்பாலும் மாட்டுக்குப் போகும். அல்லது மரத்தடியிலேயே அழுகும். அவ்விரண்டு கூடைப் பழத்தைக் குளிர்காலத்திற்கு உணவாக வைத்துக்கொள்ளும் எளிய முறை ஒன்றினை விரிவாக்கப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம். மேனாட்டார் ஆப்பிள் சாஸ் என்று கூறும் பழக்கூழே அது.

பழத்தைப் பதனிடுவதென்றால் நம் மக்கள் மனத்தில் முதலில் தோன்றுவது சர்க்கரை. முரப்பா, ஜாம் ஆகிய இரண்டிலும் பழத்தின் எடைக்கு ஏறத்தாழச் சம எடை சர்க்கரை வேண்டும். ஒதுக்குப் பழம் விலையின்றிக் கிடைத்தாலும் சர்க்கரை விலையின்றிக் கிடைப்பதில்லை. நீரிழிவு உள்ளவர் வீட்டில் அத்தனை இனிப்பு வேண்டப்படுவதுமில்லை. ஆகவே சர்க்கரை இன்றியே ஆப்பிளைப் பதனிட முடியுமா என்பது அடிக்கடி எழும் வினா. முடியும். ஆனால் சர்க்கரை செய்துவந்த காவற் பணியை வேறொன்று செய்தாக வேண்டும். அஃது எதுவென்பதை அறியாமல் சர்க்கரையை மட்டும் நீக்கிவிட்டால் கூழ் கெடும். சில சமயங்களில் தீங்கும் விளையும்.

சர்க்கரையின் இடத்தில் நிற்பவை

ஜாமில் கரைந்துள்ள திண்மப் பொருள், பெரும்பகுதி சர்க்கரை, நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாமல் இருக்கும். அவ்வளவு செறிந்த சர்க்கரை அதிலுள்ள நீரைப் பற்றிக்கொள்வதால், நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நீரைப் பெற இயலாமல் வளர்ச்சி குன்றுகின்றன. ஜாம் ஜாடியைப் பலமுறை திறந்து மூடினாலும் அது விரைவில் புளிக்காமைக்கு இதுவே காரணம். ஆப்பிள் கூழிலோ கரைந்த பொருள் நூற்றுக்கு 10 முதல் 13 பங்கு வரையே இருக்கும். எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் நீர். நொதித்தலை உண்டாக்கும் ஈஸ்ட்டுக்கும் பூஞ்சணத்திற்கும் அது விருந்து.

எனவே சர்க்கரை சேராத கூழைக் காப்பவை இரண்டு. ஒன்று, ஆப்பிளில் இயற்கையாக அமைந்துள்ள மாலிக் அமிலம். மற்றொன்று, வெப்பத்தினால் கிருமிகளை அழித்தபின் காற்றுப் புகாமல் மூடிய ஜாடி. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது மட்டும் போதாது.

அமிலத்தின் பங்கு தனியே விளக்கத்தக்கது. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சினை உண்டாக்கும் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா, தன் விதைபோன்ற உறைநிலையில் கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கி நிற்கும். ஆனால் புளிப்பு மிகுந்த உணவில் அதனால் முளைத்து வளர முடியாது. அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவில் 4.6 என்பதே எல்லை. அதற்குக் கீழே இது தலையெடுப்பதில்லை. ஆப்பிளின் பி.எச். பெரும்பாலும் 3.3-க்கும் 4.0-க்கும் இடைப்பட்டது. ஆகையால் ஆப்பிள் கூழைக் கொதிநீரில் வைத்துப் பதனிடுவது போதும். பட்டாணி, இறைச்சி போன்றவற்றுக்கு வேண்டப்படும் அழுத்த வெப்பம் இதற்குத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கூழ் கெட்டியாகவும் சத்தாகவும் இருக்கட்டுமென்று பரங்கிக்காய், கேரட், வாழைப்பழம் முதலியவற்றைக் கலந்து ஜாடியில் அடைக்கலாமா என்று மகளிர் மன்றங்களில் கேட்பதுண்டு. அவற்றுக்கு ஆப்பிளின் புளிப்புக் கிடையாது, கலவையின் பி.எச். எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அக்கலவையை அன்றன்று செய்து உண்ணலாம். ஜாடியில் அடைத்துப் பரணில் வைத்தல் ஆகாது. கூழைத் தடிப்பாக்குவதற்காக மாவு கரைத்துச் சேர்த்தலும் கூடாது. மாவு சேர்ந்த கூழின் நடுப்பகுதிக்கு வெப்பம் செல்லும் வேகம் குறைந்துவிடும்.

பழத்தைத் தேர்தல்

சர்க்கரை சேர்க்காத கூழின் சுவை முழுவதும் பழத்தையே பொறுத்தது. இதனை ஆராயும்போது இந்நாட்டு ஆப்பிளின் வரலாறு சிறிது நினைவுக்கு வரும். குலுப் பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் 1870-ஆம் ஆண்டளவில் காப்டன் லீ என்பவர் ஆப்பிள் தோட்டம் வைத்தார். அக்காலத்தில் ஆங்கிலேயர் கொணர்ந்த வகைகள் பலவும் புளிப்பு மிக்கவை. இந்நாட்டார் நாவுக்கு அவை ஒவ்வவில்லை. அமெரிக்காவிலிருந்து 1904-இல் வந்து கோட்கட்டில் குடியேறிய சாமுவேல் எவான்ஸ் ஸ்டோக்ஸ், பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டவர், 1916-இல் டெலிஷஸ் வகைக் கன்றுகளைத் தருவித்து நட்டார். இனிப்பு மிகுந்த அவ்வகையே மலைநாட்டின் பொருளாதாரத்தை மாற்றியது. இன்று ராயல் டெலிஷஸ், ரெட் டெலிஷஸ் என்னும் பெயர்களால் சந்தையை நிறைப்பவை அவ்வழி வந்தவையே.

சந்தையில் வென்ற பழமே அடுப்பிலும் வெல்லும் என்பதில்லை. சிவப்பு டெலிஷஸ் இனிப்பானது. ஆகவே சர்க்கரை வேண்டாத கூழுக்கு ஏற்றதென்று தோன்றும். ஆனால் அதில் புளிப்புக் குறைவு. வேகும்போது சதை எளிதில் குழைவதுமில்லை. அது மட்டும் கொண்டு செய்த கூழ் சப்பென்றிருக்கும். கோல்டன் டெலிஷஸ் நன்கு குழையும், மணமும் உடையது. தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கைக்காக இடையிடையே அது நடப்பட்டிருப்பதால் பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைக்கும். கிரானி ஸ்மித் போன்ற பச்சைப் பழங்கள் புளிப்புத் தரும். நான்கு பங்கு இனிப்புப் பழத்துடன் ஒரு பங்கு புளிப்புப் பழம் கலந்தால் சர்க்கரையின் நினைவே எழாதபடி சுவை அமையும். புளிப்புப் பழம் கிட்டாதபோது எலுமிச்சையோ, கல்கல் என்று அப்பகுதியில் வழங்கும் மலை எலுமிச்சையோ உதவும். ஒரு லிட்டர் கூழுக்கு 15 முதல் 30 மில்லிலிட்டர் சாறு சேர்க்கலாம். இது சுவைக்காக மட்டுமன்று. நன்கு கனிந்த இனிப்பு வகைகளில் அமிலம் குறைவாதலால் காவலுக்கும் இது துணை.

காயாக உதிர்ந்த பழத்தில் மாப்பொருள் இன்னும் சர்க்கரையாக மாறியிராது. அதனைக் கொண்டு செய்த கூழ் பசைபோன்று இருக்கும், இனிக்காது. பழம் முதிர்ந்ததா என்பதை அயோடின் கரைசலால் அறியலாம். குறுக்கே வெட்டிய பழத்தின் முகத்தில் நீர்த்த அயோடினைத் தடவினால், மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். சர்க்கரையாக மாறிய இடம் நிறம் மாறாது. பள்ளியில் காட்டுவதற்கு இதைவிட எளிய சோதனை அரிது. காய், அரைப்பழம், கனி ஆகிய மூன்றினை வெட்டி வரிசையாக வைத்தால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மாப்பொருள் மறைந்து செல்வதை மாணவர் கண்ணாற் காண்பர். அயோடின் பட்ட துண்டுகளை உண்ணாதபடி அப்போதே அகற்றிவிட வேண்டும்.

அடிபட்டு நசுங்கிய இடத்தை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம். அழுகிய பழத்தின் செய்தி வேறு. மிகுந்த கவனம் வேண்டுவது இங்கேதான். ஆப்பிளில் நீலப் பச்சைப் பொடிபோல் படரும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்னும் பூஞ்சணம் பாட்டுலின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. (பாட்டுலினம் பாக்டீரியாவுக்கும் இதற்கும் பெயரளவில் ஒலி ஒப்புமையே தவிர வேறு தொடர்பு இல்லை.) இந்நஞ்சு அழுகலைச் சுற்றியுள்ள நல்ல சதைக்குள்ளும் பரவும், கொதிக்க வைப்பதால் முற்றும் அழிவதில்லை. ஆப்பிள் சாற்றில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இஃது இருத்தலாகாது என்று பன்னாட்டு உணவுத் தர விதிகள் வரையறுத்துள்ளன. எவ்வளவு சிறிய அளவு என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். ‘எப்படியும் வேகப்போகிறது’ என்று அழுகற் பழத்தைக் கூழுக்குத் தள்ளும் வழக்கம் தவறானது. பூஞ்சணம் படர்ந்த பழத்தை முழுதாகவே ஒதுக்க வேண்டும். ஒதுக்குப் பழம் என்பதும் அழுகற் பழம் என்பதும் ஒன்றல்ல என்பதை வீட்டாருக்கு உணர்த்துவது பணியாளரின் முதற் கடமை எனலாம்.

மாடுகள் மேயும் தோட்டத்தில் தரையில் விழுந்து கிடந்த பழத்தில் சாணத்தின் கிருமிகள் ஒட்டியிருக்கும். காய்ச்சாத ஆப்பிள் சாற்றைப் பருகியதால் 1996-இல் அமெரிக்காவில் பலர் நோயுற்றனர். ஒரு குழந்தை உயிரிழந்தது. நன்கு கொதித்த கூழில் அக்கிருமிகள் மடிந்துவிடும். ஆயினும் கழுவிய பழத்தையே அடுக்களைக்குள் கொணர்தல் வேண்டும். மருந்து தெளித்த பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் தோலையும் சீவி விடுவது நலம்.

கூழ் ஆக்கும் முறை

ஒன்றரைக் கிலோ பழத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் கூழ் கிடைக்கும். பழத்தை நான்காக அரிந்து, விதையும் நடுத்தண்டும் நீக்கித் துண்டாக்க வேண்டும். விதையில் அமிக்டலின் என்னும் பொருள் உண்டு. அது நசுங்கினால் சயனைடு வெளிப்படும். ஆதலின் விதையோடு சேர்த்து அரைப்பது தகாது.

அரிந்த ஆப்பிள் சில நிமிடங்களில் பழுப்பாவதை யாவரும் கண்டிருப்பர். பழத்தின் உயிரணுக்கள் வெட்டுப்பட்டதும், அவற்றினுள் தனித்தனியே இருந்த ஒரு நொதியும் பீனால் வகைப் பொருள்களும் கலந்து, காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டு வைத்தால் அமிலம் அந்நொதியின் வேலையைத் தடுக்கும். கொதிக்கும் வெப்பம் அதனை அடியோடு அழிக்கும். ஆகவே ஒரே சமயத்தில் கூடைப் பழம் முழுவதையும் அரிந்து வைக்காமல், அரிய அரியக் கொதிக்கும் பாத்திரத்தில் இட்டு வருவது சிறந்த உத்தி. வகுப்பில், ஒரு துண்டினைத் திறந்தபடியும், ஒன்றினை எலுமிச்சை தடவியும், ஒன்றினைக் கொதிநீரில் முக்கியெடுத்தும் வைத்து அரை மணி கழித்துப் பார்க்கச் செய்யலாம்.

எவர்சில்வர்ப் பாத்திரமே ஏற்றது. ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். செம்பு பழுப்பு நிறத்தையும் விரைவுபடுத்தும். பாத்திரத்தின் அடியில் ஒரு விரற்கிடை நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, துண்டுகளை இட்டு மூடி, நடுத்தரத் தீயில் வேகவிட வேண்டும். பழத்திலேயே நூற்றுக்கு 85 பங்கு நீர் இருப்பதால், அடி பிடிக்காமல் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் நீர் வார்ப்பது வீண். அவ்வாறு வார்த்த நீரைப் பின்னர் விறகு செலவிட்டு வற்றச் செய்ய வேண்டியிருக்கும். வகைக்கு ஏற்பப் பத்து நிமிடம் முதல் அரை மணி வரை ஆகும்.

வேகும்போது நிகழ்வது இது. உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பெக்டின் என்னும் பொருள், வெப்பத்தாலும் பழத்தின் அமிலத்தாலும் இளகிக் கரைகிறது. சுவர் இளகிய உயிரணுக்கள் பிரிந்து சதை குழைகிறது. கரைந்த பெக்டினே கூழுக்கு வழவழப்பையும் தடிப்பையும் தருகிறது. பெக்டின் தோலிலும் அதனை அடுத்த சதையிலும் மிகுதி. மருந்து தெளிக்காத பழமாயின் தோலோடு வேகவைத்துப் பின்னர்ச் சல்லடையில் தேய்த்து வடித்தால் கூழ் தடிப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் அமையும். தோல் சீவியதாயின் மத்தினால் கடைந்தாலே போதும்.

மலைமேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் பழம் வேக நேரமாகிறது. ஆகையால் பிரஷர் குக்கரில் வேகவைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆப்பிள் கூழைப் பொறுத்தவரை இது கூடாது. வேகும் ஆப்பிள் நுரைத்துப் பொங்கும். அந்நுரையும் தோற்சிதறல்களும் ஆவி வெளியேறும் துளையை அடைத்துக்கொள்ளக்கூடும். அடைபட்ட குக்கர் அபாயகரமானது. திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பதே மேல். தடித்த கூழ் கொதிக்கும்போது குமிழிகள் வெடித்துச் சூடான துளிகள் தெறிக்கும். நீண்ட பிடியுள்ள மரக்கரண்டியால், சற்றுத் தள்ளி நின்று கிளற வேண்டும். பிள்ளைகளை அருகே விடுதல் கூடாது.

மணத்திற்கு இலவங்கப்பட்டைத் துண்டு ஒன்று சேர்க்கலாம். பேரீச்சம்பழம், உலர் திராட்சை, தேன் முதலியவற்றைச் சேர்த்து ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று கூறுவது சொல்லளவில் மட்டுமே உண்மை. அவற்றில் இருப்பதும் சர்க்கரையே.

ஜாடியில் அடைத்தல்

அன்றாடம் உண்பதற்காயின் கூழை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். உறைபெட்டி உள்ளவர்கள், உறையும்போது கூழ் விரியும் என்பதை நினைவிற் கொண்டு பாத்திரத்தில் இடம் விட்டு மூடி உறையவைக்கலாம். மின்சாரம் அடிக்கடி தவறும் சிற்றூர்களுக்குக் கண்ணாடி ஜாடியே நம்பத்தக்கது.

கீறலும் விளிம்புச் சிதைவும் இல்லாத ஜாடிகளைச் சோப்பு நீரில் கழுவி, வெந்நீரில் சூடாக வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த ஜாடியில் கொதிக்கும் கூழை வார்த்தால் கண்ணாடி வெடிக்கும். கொதிநிலையிலுள்ள கூழை விளிம்புக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் கீழ்வரை நிரப்பி, மெல்லிய மூங்கிற் சிம்பினை உள்ளே ஓட்டிக் காற்றுக் குமிழிகளை நீக்கி, விளிம்பைத் துடைத்து மூடியிட வேண்டும். மூடியின் உட்புறமுள்ள ரப்பர் வளையம் புதியதாக இருத்தல் இன்றியமையாதது. கடையில் வாங்கிய ஊறுகாய்ப் புட்டியின் பழைய மூடியை நம்பி முழு ஆண்டின் உழைப்பை ஒப்படைப்பது அறிவுடைமையன்று.

பின்னர் அகன்ற பாத்திரத்தின் அடியில் துணி மடித்து விரித்து, ஜாடிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, மூடிக்கு மேல் இரண்டு விரற்கிடை நிற்குமாறு வெந்நீர் வார்த்துக் கொதிக்கவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்பது ஊரின் உயரத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் நீர் 100 பாகை சென்டிகிரேடில் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறுவதற்கு ஒரு பாகை வீதம் அது குறைகிறது. சிம்லாவில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், கொதிக்கும் நீரின் வெப்பநிலை 93 பாகையை ஒட்டியே இருக்கும். தீயை எவ்வளவு பெருக்கினாலும் அதற்குமேல் ஏறாது. நீர்தான் விரைந்து வற்றும். வெப்பம் குறைந்தால் கிருமிகள் மடிவதற்கு வேண்டிய காலம் நீளும். சமவெளியில் அச்சிட்ட குறிப்பேட்டின் நிமிடக் கணக்கை மலையில் அப்படியே பின்பற்றிக் கூழ் கெட்டுப்போவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்க வேளாண்மைத் துறை வீட்டுப் பதனீட்டுக்கென வகுத்துள்ள கணக்கு பின்வருமாறு. அரை லிட்டர் அளவுள்ள ஜாடிக்கு, 300 மீட்டர் உயரம் வரை 15 நிமிடம். அதற்குமேல் 1,800 மீட்டர் வரை 20 நிமிடம். அதற்கும் மேலாயின் 25 நிமிடம். ஒரு லிட்டரை ஒட்டிய ஜாடிக்கு, 300 மீட்டர் வரை 20 நிமிடம். 900 மீட்டர் வரை 25. 1,800 மீட்டர் வரை 30. அதற்கு மேல் 35. நீர் மீண்டும் முழுக் கொதி வந்தபின்னரே நிமிடங்களை எண்ணத் தொடங்க வேண்டும். இதன்படி குலு, ஸ்ரீநகர் ஆகிய ஊர்களில் அரை லிட்டர் ஜாடிக்கு 20 நிமிடம் போதும்; சிம்லாவில் 25 வேண்டும். கோடைக்கானலிலும் உதகமண்டலத்திலும் இதனைச் செய்வோருக்கும் சிம்லாவின் கணக்கே பொருந்தும். ஊரின் உயரம் தெரியாவிடில், பள்ளி ஆய்வகத்து வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்து, 100-லிருந்து எத்தனை பாகை குறைகிறதோ அதனை 300-ஆல் பெருக்கினால் உயரம் தோராயமாகக் கிட்டும். எல்லையை ஒட்டிய ஊராயின் கூடுதல் நிமிடத்தையே கொள்க.

நேரம் முடிந்ததும் ஜாடிகளை எடுத்து, காற்றோட்டம் நேரே படாத இடத்தில், துணியின்மீது வைத்து ஆறவிட வேண்டும். உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கும்போது வெற்றிடம் உண்டாகி மூடியை இறுகப் பற்றும். மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பார்த்தால் அது உட்குழிந்து அசையாமல் இருக்க வேண்டும். மேலெழும்பிக் ‘கிளிக்’ என்று ஒலித்தால் ஜாடி இறுகவில்லை. அதனைச் சில நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். இறுகிய ஜாடி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஓராண்டு வரை நன்றாக இருக்கும். மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது நுரைத்தாலும், மதுவின் வாடை வீசினாலும், சிறிது நாவில் வைத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் வேண்டா. அப்படியே கொட்டிவிட வேண்டும். மேலே மட்டும் பூஞ்சணம் படர்ந்ததாயின் அதனை எடுத்துவிட்டு அடியிலுள்ளதை உண்ணும் பழக்கமும் முன்கூறிய காரணத்தால் தகாது. திறந்த ஜாடி குளிர்பெட்டியிலும் ஒரு வாரத்துக்குமேல் நிற்காது. சர்க்கரையின் காவல் இல்லை என்பதை இங்கே மறத்தலாகாது. ஆகவே சிறு குடும்பத்தினர் சிறு ஜாடிகளிலேயே அடைப்பது நலம்.

யாருக்கு, எவ்வளவு

சர்க்கரை சேராத கூழ் சர்க்கரை இல்லாத கூழன்று. நூறு கிராமில் ஒன்பது, பத்து கிராம் சர்க்கரை பழத்திலிருந்தே வந்து சேர்கிறது. அதிற் பெரும்பகுதி பிரக்டோஸ். ஒரு பெரிய கிண்ணம் நிறைய உண்டால் இருபது கிராமுக்கு மேலாகிவிடும். நீரிழிவு உள்ளவர் இதனைக் கணக்கில் கொண்டே உண்ண வேண்டும்.

பழமாகக் கடித்து உண்பதும் கூழாக விழுங்குவதும் உடலுக்கு ஒன்றல்ல. இங்கிலாந்தில் 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து உள்ள ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு ஆகியவற்றை வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தனர். முழுப் பழத்தை உண்ணும் நேரத்தில் பதினொரு பங்கில் ஒன்றே சாற்றைப் பருகப் போதுமானதாயிருந்தது. கூழுக்கு ஆனதில் நான்கில் ஒன்று. பழம் மிகுந்த வயிற்று நிறைவு தந்தது. கூழ் அதனிற் குறைவு. சாறு மிகக் குறைவு. இரத்தத்தில் இன்சுலின் ஏறிய அளவு, பழத்தை உண்டபோதினும் கூழுக்கும் சாற்றுக்கும் அதிகமாயிருந்தது. கூழில் நார்ப்பொருள் இருந்தும் அது சிதைக்கப்பட்டிருப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகக் கருதப்பட்டது. எனவே பல் உள்ளவருக்குப் பழமே மேல். பல்லிழந்த முதியோர், நோயுற்று எழுந்தோர், பழம் கிட்டாத மாசி பங்குனியில் வீட்டிலிருப்போர் ஆகியோருக்குக் கூழ் பயன்படும். மற்றவர்கள் சர்க்கரைப் பாகுக்குப் பதிலாகக் கஞ்சியிலோ தயிரிலோ இரண்டு கரண்டி கலந்துகொள்ளலாம்.

ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்குத் தோல் நீக்கி மைய மசித்த கூழ் இதமானது. இனிப்புக்காக அதில் தேன் கலந்து ஊட்டுவதைத் தடுக்க வேண்டும். மேலே கூறிய பாட்டுலினம் பாக்டீரியாவின் உறைநிலை வித்துக்கள் தேனில் இருக்கக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நோய் உண்டாக்க வல்லவை. ஆப்பிளில் வைடமின் ‘சி’ இயல்பிலேயே குறைவு. வேகவைத்தால் அதுவும் குறையும். ஆதலின் நெல்லி, கொய்யா ஆகியவற்றின் இடத்தைக் கூழ் நிரப்புமென்று எண்ண வேண்டா.

ஜாடியின்மேல் செய்த நாள், பழவகை, சாறு சேர்த்த அளவு, கொதிநீரில் வைத்த நிமிடம் ஆகிய நான்கையும் எழுதி ஒட்டி வைத்தால், பங்குனியில் திறக்கும்போது எந்தக் கலவை சுவைத்தது, எது புளித்தது என்று தெரியும். விற்பனைக்கென்று செய்யும் மகளிர் குழுவாயின், ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்பதன் அடுத்த வரியிலேயே ‘பழத்தின் இயற்கைச் சர்க்கரை உண்டு’ என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுதல் வேண்டும்.